மலையைக் குறைத்த குற்றம்

கருக்குமலையைச் சர்க்கார் பாதுகாக்கத் தொடங்கிய ஆண்டில் அந்த மலைக்கு யாதோர் ஆபத்தும் இருக்கவில்லை. ஆபத்து வந்தபின் காவல் போடுவது சாமானியர் வழக்கம். காவலைப் போட்டுவிட்டு ஆபத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது இராஜாங்க வழக்கம். அவ்வாறு தேடியதில் அடிவாரத்தில் மேலச்சுனைப்பட்டி என்னும் ஊர் அகப்பட்டது.

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்குச் சுவராக நிற்கும் மலைகளுள் கருக்குமலை ஒன்று. உச்சியில் சோலைக்காடு, அதற்குக் கீழே காற்றுக்குப் படிந்து படிந்து எழும் புல்மேடு, அதற்கும் கீழே காலை வெயிலில் செம்பு போலச் சிவக்கும் மொட்டைப் பாறை. அந்தப் பாறையின் நெற்றியிலிருந்து சாரல் மாதங்களில் ஓர் அருவி விழும். ஊரார் அதற்கு ஒழுகுபாறை என்று பெயரிட்டிருந்தனர். கூரை ஒழுகுவதும் பாறை ஒழுகுவதும் அவர்களுக்கு ஒரே வினை. பின்னதால் கண்மாய் நிறையும் என்பது மட்டுமே வேற்றுமை. அழகு என்னும் சொல்லை அவர்கள் பெண் பார்க்கப் போன வீட்டிலும் மாட்டுத்தாவணிச் சந்தையிலும் அன்றி வேறெங்கும் செலவிட்டதில்லை.

அந்தக் கண்மாய்க்குக் கீழே, கடைசி வாய்க்கால் முடியும் இடத்தில், பங்கிராஸுக்கு ஒரு துண்டு வயல் இருந்தது. யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்பிவிட்டுப் பிறகு நிதானமாக வருந்துவது அவனது இயல்பு. அவன் மனைவி வியாகுலமேரி முதலிலேயே வருந்திவிடுவாள். ஆகையால் அவளுக்கு நேரம் மிச்சமாயிற்று.

மலையை ரிசர்வு காடாக்குமுன் ஜனங்களின் உரிமைகளை விசாரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லியது. சட்டம் சொல்லியதைச் சர்க்கார் மீறவில்லை. செட்டில்மெண்டு அதிகாரி ஒருவர் பக்கத்து ஊர்ச் சாவடியில் வந்து அமர்ந்து, மேலச்சுனைப்பட்டி ஆண்கள் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, ஒரே கேள்வியைக் கேட்டார்.

"இந்த மலையில் உனக்கு ஏதாவது பாத்தியதை உண்டா?"

இவ்விடத்தில் அவ்வூர் வழக்கமொன்றைச் சொல்ல வேண்டும். மலையேறும் எவரும் முதற்கல்லில் கால் வைக்குமுன் செருப்பைக் கழற்றிவிட்டு, 'ஒன்னுதுதான், எரவலா வந்தேன்' என்று வாய்விட்டுச் சொல்வர். இந்துக்கள் அதனை மலைக்கருப்பிடம் சொல்வர். வேதக்காரர்கள் பக்கத்துக் குருசடியில் இருக்கும் அந்தோணியாரிடம் சொல்வர். 'என் மலை' என்று சொன்னவனைத் தேனீ விரட்டும், கால் வழுக்கும் என்பது இருசாராருக்கும் பொதுவான வேதம். எனவே சாவடியில் அதிகாரி கேட்டபோது அவர்கள் பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"எங்களுக்கு ஏதுங்க பாத்தியத. அப்படிச் சொன்னா வாய் வெந்துபோகும்" என்றான் வீரணன். அவன் பங்கிராஸின் பக்கத்து வயற்காரன்.

"ஆண்டவருக்கு உள்ளதுங்க" என்றான் பங்கிராஸ்.

பாத்தியதை யாருக்கும் இல்லை என்று பதிவாயிற்று. ஆண்டவர் நேரில் ஆஜராகாமையால் அவரது உரிமையும் தள்ளுபடியாயிற்று.

அதன்பின் ரேஞ்சர் சேஷகிரி ராவ் ஊருக்குள் வந்து, புளியமரத்தடியில் நாற்காலியிட்டு அமர்ந்து, மலைப் பாதுகாப்பின் தத்துவத்தை எடுத்துரைத்தார். கும்பகோணத்தில் படித்தவர். தம் வாக்கியங்கள் முடியுமிடத்தைத் தாமே ரசிப்பவர்.

"ஜனங்களே, இத்தனை காலம் இந்த மலை அநாதையாகக் கிடந்தது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள், ஆனால் பார்வையிடவில்லை. இனிமேல் பார்வையிடுவதற்கு ஆள் உண்டு. உங்கள் கால், உங்கள் மாடு, உங்கள் அரிவாள் இவை மூன்றும் இல்லாவிட்டால் மலை எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நான் இந்த உத்தியோகத்துக்கு வருமுன் மலை என்றால் எனக்குத் தலைசுற்றும். இப்போதும் சுற்றுகிறது. அதனால் நான் ஏறுவதில்லை. ஏறாமலே நேசிக்க எனக்குத் தெரிகிறதே, உங்களுக்கு ஏன் தெரியவில்லை?"

வீரணன் பங்கிராஸின் காதருகில், "ஏலே, எம் பொண்டாட்டியவும் இப்படித்தான் தூரத்துல இருந்தே நேசிக்கச் சொல்வாகளோ" என்றான்.

ரேஞ்சருக்கு மேலதிகாரி பெல்ஃபோர்டு துரை. வர்ணப் பெட்டியோடு வந்தவர். மலையில் இயற்கைச் சிறப்புகள் எவையெவை என்பதை அவர் தீர்மானித்தார். வெயில் படும் பாறை முகம் முதற்காட்சி. புல்மேடு இரண்டாங்காட்சி. அருவி மூன்றாங்காட்சி. ஒவ்வொரு காட்சிக்கும் எதிரே வெள்ளையடித்த மரக்கம்பமொன்று நட்டு, அதில் எண் எழுதப்பட்டது. எண் பெறாத பகுதிகள் மலையிலேயே இருந்தன. எனினும் அவற்றை எவரும் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமற்போயிற்று. ஒழுகுபாறை என்னும் பெயர் சர்க்கார் கச்சேரிக்கு ஏற்றதாக இல்லையாதலால், அதற்கு லேடி அகஸ்டா அருவி என்று பெயர் வைத்தார்கள். லேடி அகஸ்டா என்பவர் துரையின் மாமியார். கப்பலில் வாந்தி வரும் என்று இந்தியாவுக்கு வர மறுத்தவர்.

துரை படமெழுதும் காலைகளில் ஊரில் அடுப்பு எரியலாகாது. புகை முதற்காட்சியைக் கறைப்படுத்தும். வெள்ளைச் சேலை காயப்போடலாகாது. தூரத்திலிருந்து பார்த்தால் இன்னோர் அருவி போலத் தோன்றி எண்ணிக்கை குழம்பும். செவலைப் பசு காட்சிக்குள் மேயலாம், எருமை கூடாது. வீரணனின் எருமை அறியாமல் இரண்டாங்காட்சியில் நுழைந்துவிட, அதனைப் பிடித்துப் பவுண்டில் அடைத்தார்கள். பவுண்டு என்பது மேய்ந்த குற்றத்துக்காக மாடுகளைப் பூட்டிவைக்கும் முட்கம்பு வேலி.

"சுண்ணாம்படிச்சு நிறுத்தினா விடுவாகளான்னு கேட்டுச் சொல்லுப்பா" என்றான் வீரணன், காவலாளி செல்லப்பாண்டியிடம்.

செல்லப்பாண்டி அவ்வூரான்தான். சர்க்கார் அவனுக்கொரு சிவப்புத் தலைப்பாகை கொடுத்திருந்தது. "கேக்காத மாமா. கேட்டா அதுக்கும் ஒரு ரூல் போட்டுருவாக" என்றான்.

மூன்றாங்காட்சியை எழுதும்போது, அருவியின் உயரம் பார்ப்பவருக்கு விளங்க அதன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்று துரை கருதினார். பங்கிராஸைப் பிடித்தார்கள். மேலாடையைக் கழற்றச் செய்து, கையில் ஒரு கம்பைக் கொடுத்து, சாரல் தெறிக்கும் பாறையில் ஏற்றி, துயரமாக நிற்கச் சொன்னார்கள். குளிரில் அவனது பற்கள் அடித்துக்கொண்டன. துயரம் போதாது என்று துரை சொன்னதாக ரேஞ்சர் மொழிபெயர்த்தார். படம் முடிந்தபின் அதில் தன்னைக் காட்டும்படி பங்கிராஸ் கேட்டான். எறும்பளவு கறுப்புப் புள்ளியொன்றைக் காட்டினார்கள். அருவி மிகப் பெரிது என்பது அவனுக்கும் விளங்கிற்று.

அந்த அருவி எங்கிருந்து வந்தது என்பதுதான் சங்கதி. கருக்குமலையின் உச்சியில் பெய்யும் மழைக்கு மேற்கே மலையாளத்துச் சரிவே இயல்பான வழி. ஆண்டுதோறும் அந்தோணியார் திருநாளை ஒட்டி, சாரல் பிடிக்குமுன், வீட்டுக்கோர் ஆளாக ஊரார் மலையேறுவர். உச்சியில் ஓடை குறுகும் இடத்தில் கல்லையும் களிமண்ணையும் தழையையும் வைக்கோலையும் கொண்டு குறுக்கே கொரம்பு கட்டுவர். கருப்புக்குத் தேங்காயும் அந்தோணியாருக்கு மெழுகுதிரியும் ஆனபின், ஓடை தயங்கி நின்று, கிழக்கே திரும்பி, ஒழுகுபாறையில் விழுந்து கண்மாய்க்கு வரும். மழைக்காலம் கழிந்தால் கொரம்பு கரைந்துவிடும். மறு ஆண்டு மீண்டும் கட்ட வேண்டும். சிருஷ்டியில் அந்த அருவிக்கு இடமில்லை. அது மேலச்சுனைப்பட்டியாரின் கைவேலை.

மறு ஆண்டு வைகாசியில் கொரம்பு கட்டக் கிளம்பியவர்களைச் செல்லப்பாண்டி எல்லைக்கல்லில் மறித்தான். பங்கிராஸ் ரேஞ்சரின் முகாமுக்குப் போனான். கொரம்பு கட்டாவிட்டால் கண்மாய் நிறையாது; கண்மாய் நிறையாவிட்டால் நடவு இல்லை; நடவு இல்லாவிட்டால் புருஷனும் பெண்டாட்டியும் ஏலக்காட்டுக் கங்காணியிடம் பேர் கொடுத்துவிட்டு மலையாளத்துக்குக் குடிபோக வேண்டியதுதான். அங்கே போன அவன் தமையன் குளிர்காய்ச்சலில் மாண்டு, புதைத்த இடமும் தெரியாமற்போயிருந்தது. இவ்வளவையும் பங்கிராஸ் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்.

ரேஞ்சர் பொறுமையாகக் கேட்டார். "கொரம்பு என்று ஒன்று இப்போது அங்கே இருக்கிறதா?"

"போன வருசத்தது கரைஞ்சு போச்சுங்க. இனித்தான் கட்டணும்."

"இல்லாத ஒன்றைப் பழுதுபார்க்க அனுமதி கொடுக்க முடியாது. இருந்தால் சொல். இருந்தால் அது ரிசர்வுக்குள் அத்துமீறிக் கட்டியது. உடனே இடிக்க உத்தரவு போடுகிறேன்."

பங்கிராஸ் இதனை முதலில் நம்பினான். பிறகு வருந்தினான். வருந்தியபின் ஒரு யோசனை தோன்றிற்று. "தெக்க பெரியாத்துல சர்க்காரும் இதத்தானுங்களே பண்ணுறாக. மேற்க ஓடுற தண்ணிய மறிச்சுக் கெழக்க திருப்புறாக. எங்கூரு ஆளுகளே அங்கன கல்லு சொமக்குதுங்க."

ரேஞ்சரின் முகம் ஒளி பெற்றது. இத்தகைய கேள்விக்கென்றே அவர் உத்தியோகத்தில் இருந்தார்.

"அது இஞ்சினீரிங். இது இயற்கைக்கு விரோதம். வித்தியாசத்தைத் தெரிந்துகொள். சர்க்கார் ஓர் ஆற்றைத் திருப்பினால், அந்த ஆறு இதுவரை தவறாகப் போய்க்கொண்டிருந்தது என்று அர்த்தம். நீ ஓர் ஓடையைத் திருப்பினால், நீ தவறாகப் போய்க்கொண்டிருக்கிறாய் என்று அர்த்தம்."

"கட்டலைன்னா அருவியும் விழாதுங்க."

"விழும். இவ்வருவி சிருஷ்டி காலந்தொட்டு மனிதக் கை படாமல் விழுந்து வருகிறது என்று துரை எழுதிவிட்டார். அது சென்னைக்குப் போய் அச்சாகியும் வந்துவிட்டது. அச்சான பிறகு விழாமல் இருப்பதற்கு அருவிக்கு என்ன துணிச்சல்?"

சாரல் பிடித்தது. உச்சியில் மேகம் கவிழ்ந்து கொட்டியது. பள்ளத்தாக்கில் குளிர்காற்று வீசியது. ஒழுகுபாறை உலர்ந்த நெற்றியோடு நின்றது. கோடைமழையில் கண்மாயின் பள்ளத்தில் தேங்கியிருந்த கொஞ்சம் தண்ணீரைக் குடத்தில் மொண்டு ஊற்றி வியாகுலமேரி நாற்றங்காலைச் சாகாமல் வைத்திருந்தாள். மூன்றாங்காட்சிக்கு எதிரே நட்ட மரத்தில் காக்கை உட்கார்ந்தது.

சென்னையிலிருந்து பெரிய துரை அருவியைக் காண வருகிறார் என்று சேதி வந்த பிறகே, அருவி இல்லை என்பதை இலாகா கவனித்தது. செல்லப்பாண்டியை விசாரித்தார்கள்.

"நான் டூட்டியில ஏறுன அன்னைக்கே இல்லைங்கய்யா" என்றான். இலாகாவில் சேர்ந்து ஓராண்டில் அவன் கற்றுக்கொண்ட பதில் அது.

பிறகு பங்கிராஸை அழைத்தார்கள். ரேஞ்சரின் கூடாரத்தில் துரை எழுதிய படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. ரேஞ்சர் பிரம்பு நுனியால் கறுப்புப் புள்ளியைத் தொட்டார்.

"இது யார்?"

"நாந்தானுங்க. தொரதான் நிக்கச் சொன்னாக."

"ரிசர்வுக்குள் நின்றதை ஒப்புக்கொள்கிறாய். படத்தில் நீ இருக்கிறாய், அருவியும் இருக்கிறது. இப்போது நீ இருக்கிறாய், அருவி இல்லை. இதற்கு என்ன சொல்கிறாய்?"

பங்கிராஸ் படத்தைப் பார்த்தான். புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்கெதிராகச் சொல்லத்தக்க சாட்சி ஒன்றும் அவனிடம் இல்லை. அருவியைக் களவாடிய சந்தேகத்தின்பேரில் அவனைக் காவலில் வைத்தார்கள். முகாமில் லாக்கப் இல்லாமையால் பவுண்டில், மறுபடியும் அகப்பட்டிருந்த வீரணனின் எருமையோடு அடைத்தார்கள். எருமையும் காட்சிக் குற்றவாளியாதலால் அதில் முறைகேடு எதுவும் காணப்படவில்லை.

வியாகுலமேரி தூக்குச்சட்டியோடு வந்து வேலியின் மறுபுறம் நின்றாள். "தண்ணியத் திருடுனீகன்னு சொல்றாக. திருடுனவுக வீட்டுல ஒரு குடமாச்சும் நெறஞ்சிருக்க வேண்டாமா."

"படத்துல இருக்கேனாம்."

"படத்துல சட்டையில்லாம நின்னீக. நாலு ஊரு பாக்கும், போகாதீகன்னு அன்னைக்கே சொன்னேன். இந்தாங்க, கஞ்சி. எருமை மோந்து பாக்குது, அங்கிட்டுத் திரும்பிக் குடிங்க."

துரையும் ரேஞ்சரும் கலந்தாலோசித்தார்கள். பங்கிராஸை மீண்டும் கூடாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய துரை வரும்போது அருவி விழ வேண்டும், விழுந்தால் குற்றம் மன்னிக்கப்படும் என்றார் ரேஞ்சர். அனுமதித்தால் கொரம்பு கட்டுவோம், அருவி தானே விழும் என்றான் பங்கிராஸ். கொரம்பு என்ற பேச்சே கூடாது என்றார் ரேஞ்சர். அப்படி ஒன்று இருந்ததாகக் காட்டினால் துரையின் அச்சான வாக்கியம் பொய்யாகிவிடும். ஆகவே கண்மாயில் மிச்சமிருக்கும் தண்ணீரை ஊரார் குடங்களில் சுமந்து மலையேறி, பெரிய துரை பார்க்கும் நேரத்தில் பாறை நெற்றியிலிருந்து ஊற்ற வேண்டும். தண்ணீரைக் கீழிருந்து மேலே கொண்டுபோவதைத் தடுக்கும் ரூல் இலாகாவில் இல்லை. சட்டம் இயற்றியவர்கள் அவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை.

"நாத்துக்கு வச்சிருக்கிற தண்ணிங்க" என்றான் பங்கிராஸ்.

"ஊற்றிய தண்ணீர் எங்கே போகும்? திரும்ப உன் கண்மாய்க்குத்தானே வரும். உனக்கு என்ன நஷ்டம்?" என்றார் ரேஞ்சர். பள்ளிக்கூடத்தில் அவருக்குத் தர்க்கத்தில் பரிசு கிடைத்திருந்தது.

ஆகவே மேலச்சுனைப்பட்டி முழுதும் குடமும் சும்மாடுமாக மலையேறிற்று. வழக்கப்படி முதற்கல்லில் நின்று, 'ஒன்னுதுதான், எரவலா வந்தோம்' என்றார்கள். சர்க்கார் அனுமதியோடு வந்ததால் அதைச் சொல்லத் தேவையில்லை என்று செல்லப்பாண்டி திருத்தினான். திருத்திவிட்டுத் தானும் முணுமுணுத்தான். வழுக்கிய இடங்களில் பாதிக் குடங்கள் உடைந்தன. எஞ்சியவை உச்சிக்குப் போய்ச் சேர்ந்தன.

அங்கே ஓடை முழங்கால் ஆழத்தில், நுரைத்துக்கொண்டு, எவருக்கும் பயனின்றி மேற்கே பாய்ந்துகொண்டிருந்தது. அதன் கரையில் வியாகுலமேரி கண்மாய்த் தண்ணீரைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணிக்குப் பக்கத்துல தண்ணிய எறக்கி வைக்கச் சொல்றாக. இவுக வீட்டுல சோறு எப்படித்தான் பொங்குவாகளோ" என்றாள்.

வீரணன் குடத்தை இறக்கினான். ஒரு கல்லைப் புரட்டி ஓடையில் போட்டான். பங்கிராஸ் செல்லப்பாண்டியைப் பார்த்தான். செல்லப்பாண்டியின் தாயின் வயலும் அதே கண்மாயின் கீழ்தான் இருந்தது.

செல்லப்பாண்டி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு முதுகைக் காட்டினான். "நான் ரெண்டாங்காட்சியப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். அதுக்குத்தான் சம்பளம் குடுக்குறாக. ஏலே, வெரசாக் கட்டுங்க."

வைக்கோல் இல்லாமையால் சும்மாட்டுத் துணிகளையும் குடந்தாங்கும் பிரிமணைகளையும் அவிழ்த்துக் கல்லிடுக்கில் திணித்தார்கள். வழியில் உடைந்து கையோடு எடுத்துவந்த குடங்களின் ஓடுகளை முட்டுக் கொடுத்தார்கள். பெண்கள் களிமண்ணை மிதித்து மிதித்து எறிந்தார்கள். ஓடை தயங்கியது; தடுமாறியது; பிறகு பழகிய மாடு தொழுவத்துக்குத் திரும்புவதுபோலக் கிழக்கே திரும்பியது.

கீழே, வெள்ளை மரத்துக்கு எதிரே, பெரிய துரை குடையின் கீழ் நாற்காலியில் அமர்ந்திருந்தார். அருவி இரைச்சலோடு விழுந்தது. அவர் எழுந்து நின்றார், தொப்பியைக் கழற்றினார், பேசினார். ரேஞ்சர் அதனைத் தமிழில் சொன்னார்.

"இதுதான் பாதுகாப்பின் பலன். ஒரே ஓர் ஆண்டு இந்த ஜனங்களை மலையிலிருந்து விலக்கி வைத்தோம்; அருவி இரட்டிப்பாகியிருக்கிறது. இயற்கைக்கு நாம் செய்யக்கூடிய பேருதவி ஒன்றும் செய்யாதிருப்பதே. அதைச் செய்வதற்குத்தான் இத்தனை உத்தியோகஸ்தர்களை நியமித்திருக்கிறோம்."

அப்போது ஊரார் இறங்கி வந்து பின்னால் நின்றார்கள். முழங்கை வரை சேறு. இவர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று பெரிய துரை கேட்டார். இது இவர்களது பண்டிகை வழக்கம் என்றார் ரேஞ்சர். பெரிய துரை மகிழ்ந்து, சேறு பூசுதல் தொடரலாம் என்று அனுமதி கொடுத்தார்.

பங்கிராஸின் வாயில் கசப்பு ஊறிற்று. துப்ப இடம் தேடினான். எங்கும் காட்சியாக இருந்தது. விழுங்கிக்கொண்டான்.

எப்படியாயினும் கண்மாய் நிறைந்தது. நிரம்பி வழிந்து மறுகால் போக இருந்த நாளில், மறுநாள் காலை மடை திறப்பது என்று ஊரார் பேசி முடித்தார்கள். அன்று மாலை பெரிய துரை கண்மாய்க்கரையில் உலாவ வந்தார். காற்று அடங்கியிருந்தது. தண்ணீருக்குள் கருக்குமலை முழுதும், பாறையும் புல்மேடும் அருவியும் உட்பட, தலைகீழாக நின்றது. அவர் நெடுநேரம் பேச்சற்று நின்றார். பேச்சு வந்தபோது அது உத்தரவாக வந்தது. இது நான்காங்காட்சி. தண்ணீர் குறைந்தால் மலை குறையும்; ஆகையால் மடையைத் திறக்கக் கூடாது. உத்தரவிட்டுவிட்டு அவர் சென்னைக்குப் போனார். கரையில் வெள்ளை மரமொன்று நடப்பட்டது. மடையின்மேல் அரக்கு முத்திரை வைத்தார்கள்.

நிறைந்த கண்மாய்க்குக் கீழே வயல் வெடித்தது. இப்படியொரு காட்சி மேலச்சுனைப்பட்டியில் அதற்குமுன் இருந்ததில்லை. ஆனால் அதற்கு எண் கொடுக்க எவரும் வரவில்லை. நாற்று முற்றி நுனி கருகியது. ஏலக்காட்டுக் கங்காணி ஊருக்குள் வந்து யார் யார் வருகிறீர்கள் என்று விசாரித்துப் போனான்.

பங்கிராஸ் மீண்டும் கூடாரத்தின் முன் நின்றான். "கண்மாய் எங்க ஊருக் கண்மாயிங்க. பாத்தியத உண்டான்னு கேட்டா இதுக்கு உண்டுன்னு சொல்வோமுங்க."

ரேஞ்சர் மனம் இளகியவர்போலப் பேசினார். "இல்லை என்று யார் சொன்னது? கண்மாய் உன் கண்மாயே. தண்ணீரும் உன் தண்ணீரே. சர்க்கார் பிறர் சொத்தை அபகரிப்பதில்லை. அதற்குள் விழுந்திருக்கும் மலை மட்டும் சர்க்காருடையது. மலையைத் தொடாமல் தண்ணீரை எடுக்க முடியுமானால் தாராளமாக எடுத்துக்கொள். நானே கூட இருந்து பார்க்கிறேன்."

பங்கிராஸ் இதனையும் நம்பினான் என்று சொல்ல வேண்டியது மரபு. நம்பவில்லை. வருந்தவும் இல்லை. வீட்டுக்குப் போய், "நாளைக்கு நாத்துப் பிடுங்க ஆளு சொல்லிரு" என்றான். வியாகுலமேரி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, எதற்கு என்று கேட்காமல் நடவுக்கு ஆள் சேர்க்கும் சோணையம்மாள் வீட்டுக்கு நடந்தாள்.

காலையில் பெல்ஃபோர்டு துரை கரையில் வர்ணப் பெட்டியைத் திறந்திருந்தார். ரேஞ்சர் குடை பிடித்திருந்தார். பங்கிராஸ் மேலாடையைக் கழற்றிக் கரையில் வைத்து, சிலுவை போட்டுக்கொண்டு, மடையருகே தண்ணீரில் இறங்கினான். துரைக்கு மகிழ்ச்சி. சென்ற ஆண்டு அருவியின் அளவு காட்ட நின்ற ஆள் தானாகவே வந்திருக்கிறான். அசையாமல் நிற்கச் சொல் என்றார்.

பங்கிராஸ் மூழ்கினான். மலை ஒருமுறை குலுங்கிற்று. அவன் வெளியே வந்தபோது கையில் மடையை அடைத்திருந்த கட்டையும், அதில் ஒட்டியிருந்த அரக்கும் இருந்தன.

கரைக்கு மறுபுறம் வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்த ஓசை முதலில் வந்தது. அடைக்கச் சொல்லி ரேஞ்சர் உத்தரவிட்டார். அடைக்க மூழ்க வேண்டும். ரேஞ்சருக்கு நீந்தத் தெரியாது. செல்லப்பாண்டி தலைப்பாகையைத் தடவினான்.

"என்னையக் காட்டுக்குத்தானுங்க போட்டாக. தண்ணிக்குள்ள எறங்குறதுக்குத் தனி ஆர்டர் வேணுமுங்க."

ஆர்டருக்கு ஆள் போயிற்று. உச்சிவேளைக்குள் மேற்குக்கரைப் பக்கம் சேறு தலைகாட்டி, அடிவாரத்திலிருந்து தொடங்கி மலையைத் தின்றுகொண்டு வந்தது. அருவியின் கால் போயிற்று, பாறை போயிற்று. துரை அவசர அவசரமாக எழுதினார். எழுத எழுத அவர் எழுத வேண்டியது குறைந்தது. கடைசியில் தூரிகையை வீசிவிட்டு எழுந்து போனார்.

மலையைக் குறைத்த குற்றத்துக்காகப் பங்கிராஸைக் கைது செய்வதாக ரேஞ்சர் அறிவித்தார்.

வீரணன் மேற்கே கைநீட்டினான். "மலை அங்கனதானேய்யா நிக்குது."

"அது முதல் மூன்று காட்சிகள். நான் சொல்வது நான்காவது."

உத்தமபாளையத்துக்குப் போக வயல் வரப்புதான் வழி. செல்லப்பாண்டி முன்னே நடந்தான். நடுவில் ஈர வேட்டியோடு பங்கிராஸ். பின்னால் குடையோடு ரேஞ்சர். கடைசி வயலுக்கும் தண்ணீர் வந்து பரம்படித்து முடிந்திருந்தது. பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். வியாகுலமேரி நிமிர்ந்தாள்.

"எப்ப விடுவாக?"

"மலையத் திருப்பி வச்சா விடுவாகளாம்."

"கண்மாய் திரும்ப நெறஞ்சிரும்ல, அப்ப அறுப்புக்கு வந்துருவீக" என்றாள். "போயிட்டு வாங்க. பவுண்டுல போட்டா எருமை பக்கத்துல படுக்காதீக, ஒண்ணி ஏறும்."

ரேஞ்சரின் காலடி நின்றது. பங்கிராஸ் திரும்பிப் பார்த்தான். இன்னும் நடாத மூலையில் தண்ணீர் தெளிந்து கிடந்தது. அதற்குள் கருக்குமலை, முறத்தளவு சிறிதாகி, தலைகீழாக விழுந்திருந்தது. ரேஞ்சர் குடையைச் சாய்த்துக்கொண்டு அதனையே உற்றுப் பார்த்தார். அவருடைய உதடுகள் ஏதோ எண்ணுவதுபோல அசைந்தன.

வியாகுலமேரி அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். நாற்றுமுடியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, அந்த மூலைக்கு நடந்து போய், காலால் சேற்றைக் கலக்கினாள்.